குருவும் குடும்பமும்

உக்காருங்க தம்பி. மாடிக்குப் பொறவு போவோம், சாவி என் கையிலதான் இருக்கு. தண்ணிக்குக் குறை இல்ல, கரண்டு போனாலும் சீக்கிரம் வந்துரும், அதெல்லாம் சொல்லுதேன். அதுக்கு முன்னால வேற ஒண்ணு சொல்லிரணும். நீங்க குடி வந்த மறுநாளே யாராவது உங்க காதுல போடுவாங்க. "அந்த பாலிடெக்னிக் வாத்தியார் வீட்டுக்கா வந்திருக்கீங்க?"ன்னு ஒரு மாதிரி இழுப்பாங்க. இதுக்கு முந்தி இருந்தவன் இதைக் கேட்டுட்டுத்தான் காலி பண்ணிட்டுப் போனான். அதனால நானே சொல்லிருதேன். என் மேல தப்பு இருந்தா நீங்களே சொல்லுங்க.

அந்தா, பச்சை கேட் போட்ட வீடு. தாலுகா ஆபீஸ்ல இருந்த பொன்னம்பலம் கட்டினது. அவருக்கு ரெண்டு பொண்ணு. மூத்தவ வடிவு, இளையவ வள்ளி. வடிவு பி.ஏ. இங்கிலீஷ் படிச்சவ. நல்ல உயரம். காலேஜுக்குப் போனா தெருவே நின்னு பாக்கும்னு சொல்லுவாங்க. நான் பாத்ததில்ல, சொல்லுவாங்க.

எங்க அம்மா ஒரு தடவை அவளை எனக்குக் கேட்டுப் போனா. இதை எதுக்குச் சொல்லுதேன்னா, பின்னால இதையும் சேத்து முடிச்சுப் போடுவாங்க. பொன்னம்பலம் எங்கம்மாவை உக்கார வச்சி, காப்பி குடுத்து, "வாத்தியார் வேலைதான, பாப்போம்"னு சொல்லி அனுப்பிட்டாரு. அந்த 'தான'தான் தம்பி. வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லிட்டுப் போறது. சரி, விடுங்க. அன்னைக்கே மறந்துட்டேன். அடுத்த தை மாசம் வடிவுக்கு அமெரிக்க மாப்பிள்ளை வந்தான். குமரகுரு. கம்ப்யூட்டர்ல ஏதோ பெரிய வேலை. நான் கல்யாணத்துக்குப் போயி, பந்தியில உக்காந்து, பாயசம் ரெண்டாவது தடவை கேட்டு வாங்கிக் குடிச்சேன். மனசுல ஏதாவது இருக்கிறவன் குடிப்பானா? அதே வருஷம் எனக்கும் சிவகாமியைக் கட்டி வச்சாங்க. நிறம் கம்மி. ஆனா வீட்டு வேலையில கெட்டிக்காரி.

குமரகுரு கல்யாணம் முடிஞ்ச மாசமே பிளேன் ஏறிட்டான். விசா வந்ததும் கூப்பிட்டுக்கிடுதேன்னு சொல்லிட்டுப் போனான். வடிவு அப்பன் வீட்லயே இருந்தா.

இப்பத்தான் என் கதை வருது. அந்தக் காலத்துல இந்த ஊர்ல இன்டர்நெட் வச்சிருந்தவன் விரல் விட்டு எண்ணுற அளவுக்குத்தான். மாணவர்களுக்குன்னு மலிவா ஒரு இணைப்பு குடுத்தாங்க. எங்க பாலிடெக்னிக் பேர்ல ஒண்ணு வாங்கி, நான் வீட்டு போன்லயே போட்டுக்கிட்டேன். அதுல என்ன விஷயம்னா, வெறும் எழுத்துதான் வரும். கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து. மவுஸ் கிடையாது, அம்புக்குறி பட்டனைத் தட்டித் தட்டிப் போகணும். ஒரு பக்கத்துல படம் இருந்தா, படம் வராது. அது இருக்க வேண்டிய இடத்துல சதுர அடைப்புக்குள்ள அதோட பேரு மட்டும் நிக்கும். கோயில் படம்னா 'கோயில்'னு நிக்கும், அம்புட்டுதான். படத்தைப் பாக்கணும்னா அதைத் தனியா இறக்கி, நம்ம கம்ப்யூட்டருக்குக் கொண்டு வந்து, வேற ஒரு சாஃப்ட்வேர்ல திறக்கணும். பாதியில லைன் அத்துப் போகும், மறுபடியும் முதல்லேருந்து. இந்தத் தெருவுல அந்த வித்தை எனக்கு மட்டும்தான் தெரியும்.

குமரகுரு என் கணக்குக்கு மெயில் போடுவான். வடிவு சனிக்கிழமை மத்தியானம் வந்து படிப்பா. நாற்காலியில அவ உக்காருவா, நான் பின்னால நிப்பேன். என்னை 'சார்'னுதான் கூப்பிடுவா. எதிர்வீடு, சின்ன வயசுலேருந்து பாக்குதோம், இருந்தாலும் சார்தான். மெயிலும் பெருசா ஒண்ணும் இருக்காது. விசா வேலை நடக்குது, உடம்பைப் பாத்துக்கோ, அப்பா அம்மாவைக் கேட்டதாகச் சொல்லு. அதையே அவ மெதுவா, திரும்பத் திரும்ப படிப்பா. எனக்கு முன்னாலயே தெரியும். என் கணக்குலதான வருது, நான் பாக்காம எப்படி?

ஒரு நாள் சும்மா இருக்கும்போது குமரகுரு பேரை அடிச்சித் தேடிப் பாத்தேன். வேலை இல்லாதவன் செய்யற வேலைதான். அவன் கம்பெனியில ஏதோ ஒரு பூங்காவுல எல்லாரும் குடும்பத்தோட கூடி விருந்து சாப்பிட்டிருக்காங்க. அதுக்கு ஒரு பக்கம். கீழ வரிசையா சதுர அடைப்பு. ஜான் அண்ட் ஃபேமிலி, பாப் அண்ட் ஃபேமிலி. நடுவுல ஒண்ணு, 'குரு அண்ட் ஃபேமிலி'.

இறக்கிப் பாத்தேன். யாரா இருந்தாலும் பாத்திருப்பாங்க. குமரகுரு அரைக்கால் டவுசரோட நிக்கான். தோள்ல ஒரு பொம்பளைப் பிள்ளை, ரெண்டு கையாலயும் அவன் தலைமுடியைப் பிடிச்சிட்டுச் சிரிக்குது. பக்கத்துல ஒருத்தி, வடக்கத்திக்காரி மாதிரி, நீலச் சட்டை. அவன் இடுப்பைச் சுத்திக் கை போட்டிருக்கா. பிள்ளைக்கு அப்படியே அவன் மூக்கு.

சிவகாமி காப்பி கொண்டு வந்தவ பின்னால நின்னு பாத்துட்டா. டம்ளரை வச்சிட்டு, "இது வடிவு வீட்டுக்காரர்லா?"ன்னா. ஆமான்னேன். கதவைச் சாத்திட்டு வந்து சொன்னா.

"அவகிட்ட தனியா கூப்பிட்டுச் சொல்லிருங்க. நான் வேணா சொல்லுதேன். இல்லன்னா அதை அழிச்சிருங்க. ரெண்டுல ஒண்ணு செய்யுங்க."

நான் ரெண்டையும் செய்யல. அவசரப்பட்டு ஒரு குடும்பத்தைக் கெடுத்துரக் கூடாதுல்லா? அழிக்கவும் மனசு வரல, சாட்சியை அழிச்ச மாதிரி ஆயிரும். அப்படியே கிடக்கட்டும்னு விட்டேன்.

அடுத்த சனிக்கிழமை வடிவு வந்தா. மெயில் படிச்சி முடிச்சா. எந்திரிக்கப் போனா. நான் சும்மா, "உங்க வீட்டுக்காரர் பேர்ல ஒரு பக்கம் இருக்கு, பாக்கீங்களா?"ன்னு அதைத் திறந்து காட்டினேன். கம்பெனி விருந்துங்கிற மேல்பகுதியைத் தாண்டி நேரா கீழ கொண்டு வந்துட்டேன். மேல இருக்கிறது எல்லாம் சாப்பாட்டு விவரம், அவளுக்கு எதுக்கு?

அவ படிச்சா. "குரு அண்ட் ஃபேமிலி." வாய்விட்டுப் படிச்சா. திரும்பி என்னைப் பாத்தா. அந்த முகத்தை நான் அதுக்கு முன்னாலயும் பாத்ததில்ல, பின்னாலயும் பாத்ததில்ல.

"சார், இது எங்க போட்டோவா இருக்கும். கல்யாண ஆல்பத்துலேருந்து அவங்க ஒண்ணு உருவி எடுத்துட்டுப் போனாங்க."

நான், "இருக்கும்"னேன்.

அம்புட்டுதான் தம்பி நான் சொன்னது. ஒரே வார்த்தை. 'இருக்கும்'னா 'ஆமா'ன்னு அர்த்தம் இல்லல்லா?

"படத்தைப் பாக்க முடியாதா சார்?"

"இதுல எழுத்து மட்டும்தான் வரும்மா."

அதுவும் பொய் இல்ல. அதுல எழுத்து மட்டும்தான் வரும். வேற வழி இருக்கான்னு அவ கேக்கல. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்.

வீட்டுக்கு ஓட்டமா போனா. சாயங்காலமே அவங்க அம்மா ஒரு கிண்ணத்துல கேசரி கொண்டாந்தா. மாப்பிள்ளை பொண்டாட்டி போட்டோவை உலகத்துக்கே காட்டியிருக்காருன்னு ஒரே பெருமை. அப்புறம் சித்தி வந்தா, மாமன் பொண்டாட்டி வந்தா, வடிவு கூடப் படிச்சவ ஒருத்தி டவுன்லேருந்து வந்தா. எல்லாருக்கும் நான் போன் போட்டு லைன் எடுத்து, அந்த மூணு வார்த்தையைக் காட்டுவேன். வடிவு திரைக் கண்ணாடியில விரல் வச்சிக் காட்டுவா. "இந்தா, இதுதான் நாங்க." விரல் பட்டு அந்த இடம் மங்கிப் போகும். அவங்க போன பிறகு சிவகாமி ஈரத்துணி வச்சித் துடைப்பா. யாராவது வந்துட்டா அடுக்களைக்குள்ள போயிருவா.

கேசரியைச் சிவகாமி தொடல. நான் சாப்பிட்டேன். முந்திரி நிறையா போட்டிருந்தாங்க.

ஒரு சனிக்கிழமை வடிவு கேட்டா, "சார், எந்தச் சேலையில எடுத்ததா இருக்கும்? முகூர்த்தப் பட்டா, சாயங்காலம் கட்டினேனே, நீலம், அதா?"

நான், "நீலமாத்தான் இருக்கும்"னேன். அந்தப் படத்துல இருந்தவ நீலம்தான போட்டிருந்தா. பொய் சொல்லுற பழக்கம் எனக்குக் கிடையாது.

அடுத்த வாரம் அந்த நீலச் சேலையைக் கட்டிட்டு வந்து உக்காந்து மெயில் படிச்சா. பாவமாத்தான் இருந்தது. அதெல்லாம் இல்லன்னு சொல்லல.

இப்படியே மாசம் போச்சு. வள்ளிக்குத் தென்காசியில ஒரு வரன் அமைஞ்சது. நிச்சயதார்த்தத்துக்கு மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வேன் வச்சி வந்து இறங்கினாங்க. எங்களையும் கூப்பிட்டிருந்தாங்க. தட்டு மாத்தி, சாப்பாடு முடிஞ்சி வெத்தலை போடுற நேரம். மாப்பிள்ளையோட தாய்மாமா ஒருத்தர், பெரிய மீசை, மரக்கடை வச்சிருக்கிறவர், கேட்டாரு: "மூத்த மாப்பிள்ளை வரலையா? கல்யாணமாகி இம்புட்டு நாள் ஆச்சு, உங்க பொண்ணை இன்னும் கூப்பிட்டுக்கிடலையா?"

கேட்டது தப்பில்ல. சம்பந்தம் பண்ணுறவங்க கேக்கத்தான் செய்வாங்க. பொன்னம்பலத்துக்கு முகம் ஒரு மாதிரி ஆயிட்டு. "வர முடியாட்டி என்ன? இன்டர்நெட்ல எங்க பிள்ளை போட்டோவைப் போட்டு வச்சிருக்காரு, உலகம் பூரா பாக்கலாம்"னாரு. "அப்படியா, நாமளும் பாக்கலாமா?"ன்னு மீசைக்காரர் எந்திரிச்சிட்டாரு.

பொன்னம்பலம் என்கிட்ட வந்தாரு. என் கையைப் பிடிச்சாரு தம்பி. "சார், ஏதாவது வழி பண்ணி இன்னைக்கு அந்தப் படத்தை வர வச்சிருங்க. என் மானம் உங்க கையில இருக்கு"ன்னாரு.

நான் ஒரு தடவை கேட்டேன். "பாக்கணுமா?"

"பாக்கணும் சார்."

அப்புறம் நான் என்ன செய்ய? அவங்க கேட்டாங்க, காட்டினேன். இதைத்தான் நான் எல்லாருக்கும் சொல்லுதேன்.

பத்துப் பதினஞ்சு பேர் வந்து இந்தா, இந்த ரூம்லதான் நின்னாங்க. நாற்காலி வடிவுக்கு, வள்ளி அவ தோளைப் பிடிச்சிட்டு நின்னா. பொன்னம்பலம் அன்னைக்குத்தான் முதல் தடவையா என் வீட்டு வாசப்படி மிதிக்காரு. நான் சட்டைக் கையை மடிச்சி விட்டுட்டு பக்கத்துல ஸ்டூல் போட்டு உக்காந்தேன். சிவகாமி கதவுப் பக்கம் நின்னு கையைக் காட்டிக் கூப்பிட்டா. போனேன்.

"லைன் கிடைக்கலைன்னு சொல்லிருங்க. உங்க காலைப் பிடிக்கேன்."

"லைன் கிடைக்குதே"ன்னேன்.

படம் என் கம்ப்யூட்டர்லயே இருந்தது, உண்மைதான். அதையே திறந்து காட்டியிருக்கலாம். ஆனா அப்புறம், 'வாத்தியார் எங்கேருந்தோ ஒரு படத்தைக் கொண்டாந்து ஒட்டிட்டாரு'ன்னு யாராவது சொல்லிட்டா? அவங்க கண்ணு முன்னாலயே வரட்டும்னு புதுசா இறக்கினேன். இறங்க ரொம்ப நேரம் ஆச்சு. வடிவு எல்லாருக்கும் விளக்கம் சொல்லிக்கிட்டு இருந்தா. இது எழுத்து மட்டும்தான் காட்டும், படம் தனியா வரணும், சார் நமக்காகக் கஷ்டப்படுதாங்க. சொல்லிட்டு என்னைப் பாத்துச் சிரிச்சா.

இறங்கி முடியற இடத்துலதான் அந்தச் சனியன் பிடிச்ச மெஷின் ஒரு கேள்வி கேட்டது. இங்கிலீஷ்ல, பெரிய எழுத்துல. 'இதே பேர்ல ஒரு ஃபைல் ஏற்கெனவே இருக்கு. அதை எடுத்துட்டு இதை வைக்கவா?'

அது எல்லா மெஷினும் கேக்கிறதுதான் தம்பி. அது ஒரு டெக்னிக்கல் விஷயம். மத்தவங்களுக்கு ஒண்ணும் புரியல. வடிவு இங்கிலீஷ் படிச்சவ. படிச்சா. பழைய ஃபைலோட தேதியும், நான் முதல்ல அதை இறக்கின நாள், பக்கத்துலயே போட்டிருந்தது. அதையும் படிச்சா. சிரிப்பு அப்படியே நின்னுட்டு. தலையைத் தூக்கி என்னைப் பாத்தா.

நான் 'ஆமா'ங்கிற பட்டனைத் தட்டினேன்.

அப்பவே அவ, "வேண்டாம் சார், பொறவு பாத்துக்கிடலாம்"னு சொல்லியிருக்கலாம். சொல்லலையே.

படத்தைத் திறந்தேன். பழைய கம்ப்யூட்டர், ஒரே அடியா வராது. மேலேருந்து பட்டை பட்டையா இறங்கும். முதல்ல வானம் வந்தது. அப்புறம் மரம். மீசைக்காரர், "அமெரிக்காவுல மரமெல்லாம் நல்லா இருக்கே"ன்னாரு. எல்லாரும் சிரிச்சாங்க. அப்புறம் அந்தப் பிள்ளையோட தலை வந்தது. பிள்ளைதான உசரத்துல இருக்கு.

"யாரு பிள்ளை இது?"ன்னு வடிவோட அம்மா கேட்டா.

குமரகுரு நெத்தி வந்தது, கண்ணு வந்தது. பக்கத்துல அந்த வடக்கத்திக்காரி முகம் வந்தது. வள்ளி கை அக்கா தோள்லேருந்து தானா எறங்கிட்டு.

வடிவு என்ன சொன்னா தெரியுமா? "இன்னும் கீழ வரணும்ல சார். முழுசா வரட்டும்." மெதுவா, சாதாரணமா சொன்னா. கீழ வந்து என்ன ஆகப் போகுது? கீழ அந்தக் கைதான் இருக்கு, இடுப்பைச் சுத்தி. அது வந்தது. நீலச் சட்டையும் வந்தது.

பொன்னம்பலம், "போதும் சார். நிப்பாட்டுங்க"ன்னாரு. நான், "பாதியில நிப்பாட்டினா ஃபைல் கெட்டுப் போகும்"னேன். மீசைக்காரர் என்கிட்ட, "அந்தப் பிள்ளைக்கு என்ன வயசு இருக்கும்?"னு கேட்டாரு. கேட்டாரு, சொன்னேன். "மூணு இருக்கும். அப்படிப் பாத்தா இந்தக் கல்யாணத்துக்கு முந்தியே பிறந்திருக்கணும்." கணக்குதான தம்பி. யார் போட்டாலும் அதே விடைதான் வரும்.

அந்த நேரத்துல சிவகாமி கூட்டத்தை விலக்கிட்டு வந்தா. குனிஞ்சி, சுவத்துலேருந்து பிளக்கைப் பிடுங்கிட்டா. திரை அணைஞ்சிட்டு. ஓடிக்கிட்டு இருக்கிற மெஷினை யாராவது அப்படிப் பிடுங்குவாங்களா? அதுக்கு அப்புறம் அந்த ஹார்ட் டிஸ்க் சரியாவே இல்ல. எவ்வளவு வேலை போச்சுன்னு அவகிட்ட சொல்லிப் புரிய வைக்க முடியல. பிளக்கைக் கையில பிடிச்சிட்டு அப்படியே தரையில உக்காந்திருந்தா. வடிவுதான் அவளைத் தூக்கி விட்டா. பாருங்க, யாரு யாரைத் தேத்தணும்?

தென்காசிக்காரங்க வேன்ல ஏறிட்டாங்க. போய்த் தகவல் சொல்லுதோம்னாங்க. தகவல் வரல. பொன்னம்பலம் அதுக்கு அப்புறம் ஆபீஸுக்குப் பின் தெரு வழியாத்தான் போவாரு. ரொம்ப நாள் தங்கல, நெஞ்சுவலியில போயிட்டாரு. நான் மாலையோட போனேன். வடிவு வாசல்ல நின்னு, "வேண்டாம் சார்"னா. அம்புட்டுதான். அதுதான் அவ என்கிட்ட கடைசியா பேசினது.

குமரகுருவைப் பத்தி யாரும் ஒரு வார்த்தை தப்பாப் பேசல தம்பி, அதுதான் எனக்கு வருத்தம். ஏமாத்தினவன் அவன். தெருவுல கெட்ட பேரு எனக்கு. 'தெரிஞ்சே வச்சிருந்தான்'னு. தேதி இருந்ததாம். தேதியைப் பாத்தாங்களே, நான் இத்தனை நாள் பொறுமையா இருந்தேங்கிறதைப் பாத்தாங்களா?

வடிவு கேஸ் போட்டு விவாகரத்து வாங்கினா. பி.எட். படிச்சா. பக்கத்துல ஒரு பள்ளிக்கூடத்துல டீச்சரா சேந்து, இப்ப ஹெட்மிஸ்ட்ரஸ். வள்ளிக்கு அவதான் இடம் பாத்து, செலவு பண்ணிக் கட்டி வச்சா. என் வீட்டம்மா அங்கதான் கிடக்கா. காலையில எனக்குச் சோறு பொங்கி மூடி வச்சிட்டு அந்த வீட்டுக்குப் போயிருவா. இருட்டினா வந்து படுப்பா. கேட்டா, 'பேச ஆள் வேணும்லா'ங்கா. நான் ஆளு இல்லையா? சரி, வயசாயிட்டா பொம்பளைங்களுக்கு அப்படித்தான்.

இப்ப ஒண்ணு சொல்லுதேன், உங்களோட இருக்கட்டும். குமரகுரு பேரை நான் அப்பப்ப தேடிப் பாக்கிறதுண்டு. இப்பல்லாம் படம் உடனே வந்துரும். போன மாசம் பாத்தா, ஆள் இறந்துட்டான். அந்தப் பிள்ளை, வளந்து பெரியவளாயிட்டா, அவதான் போட்டிருக்கா. சவப்பெட்டி, பூ, எல்லாம் தெளிவா இருக்கு. முகம் கூடத் தெரியுது.

எதிர்வீட்ல யாருக்கும் தெரியாது. வடிவு இன்னும் நெத்தியில பொட்டு, தலையில மல்லிகைப்பூவோடதான் பள்ளிக்கூடம் போறா. கோர்ட்டு சொல்லிட்டா எல்லாம் ஆயிருமா தம்பி? சாஸ்திரம்னு ஒண்ணு இருக்குல்லா? வர்ற ஆவணியில வள்ளி மகளுக்குக் கல்யாணம். வடிவுதான் எடுத்துக் கட்டிச் செய்யுதா. பெத்தவளுக்கு முந்தி அவளைத்தான் மேடையில நிறுத்தப் போறாங்களாம், தாலியைத் தொட்டுக் கும்பிட்டுக் குடுக்க. சிவகாமி வாய்தவறிச் சொல்லிட்டா.

முகூர்த்தத்துக்கு நானும் போறேன். கூப்பிடாட்டி என்ன, எதிர்வீடுதான. மேடைக்குக் கீழ முன்வரிசையில அவங்க சொந்தக்காரங்க எல்லாம் உக்காந்திருப்பாங்க. நான் சத்தம் போட மாட்டேன். போனை எடுத்து ஒருத்தர்கிட்ட காட்டினா போதும், கை மாறி மேடைக்குப் போயிரும். விஷயம் தெரிஞ்சவன் சொல்லாம இருந்தா, நாளைக்கு அதுக்கும் என்னைத்தான் குத்தம் சொல்லுவாங்க. போன தடவை மாதிரி தாமதம் பண்ணிட்டான்கிற பேரு வேண்டாம்னு பாக்கேன்.

அந்தப் படத்தைப் பாக்கீங்களா? இந்தா, இதுலதான் இருக்கு. வேண்டாமா? சரி.

என்ன தம்பி, எந்திரிச்சிட்டீங்க? மாடியைப் பாக்கவே இல்லையே. வாடகை கூடன்னு நினைச்சா சொல்லுங்க, கொறைச்சிக்கிடலாம். தம்பி, படி இந்தப் பக்கம் இருக்கு.

தம்பி, எங்க போறீங்க? அந்தப் பச்சை கேட்டைத் திறக்காதீங்க. அது அவங்க வீடு.